கஜானாவுக்கு வந்த எலிகள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீயும் அண்ணியும் பிள்ளைகளும் அதைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மரியாதைக்கு எழுத வேண்டிய வரிகள் இத்துடன் முடிந்தன.

"வீட்டை விற்றுவிட்டு மொத்தப் பணத்தோடு வந்துவிடவா? இனி நம் நாடு, நம் வங்கி. நீ நிதியமைச்சகத்திலேயே இருக்கிறாய், மறைக்காமல் சொல்" என்று கேட்டிருந்தாய். விற்காதே. வராதே. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

சுதந்திரம் வந்த அன்று நம்மிடம் கொடி இருந்தது, பாட்டு இருந்தது, பணம் இல்லை. புழக்கத்தில் இருந்ததெல்லாம் நம்மை ஆண்டவர்களின் நோட்டு. அவர்கள் கஜானாவைத் துடைத்து எடுத்துக்கொண்டு, சாவியை மட்டும் மிகுந்த மரியாதையோடு ஒப்படைத்தார்கள். சாவிக்கு ரசீது வேறு கேட்டார்கள். நான்தான் எழுதிக் கொடுத்தேன். நம் சொந்த நோட்டை நீ இருக்கும் ஊரிலேயே ஓர் அச்சகத்தில் அடிக்கக் கொடுத்து முன்பணமும் கட்டியாயிற்று. மீதியைக் கட்டினால்தான் பெட்டிகள் கப்பல் ஏறும். அதுவரை என்ன செய்வது? பழைய நோட்டின் மூலையில், தபால்தலை மாதிரி, நம் சின்னம் அச்சடித்த வில்லை ஒன்றை ஒட்டினால் அது நம் பணம். ஒட்டாவிட்டால் வெறும் காகிதம். இதுதான் சட்டம்.

வில்லை வந்தது, பின்பக்கம் பசை இல்லை. பசை வாங்க அந்நியச் செலாவணி இல்லை. அப்போதுதான் எங்கள் ஆலோசகர், பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், "மைதாவைக் காய்ச்சினா பசை. இதுக்குப் போய் இறக்குமதியா?" என்றார். எல்லோரும் கைதட்டினோம். அன்று முதல் அவர் பெயர் பசை டாக்டர். அமைச்சகம் என்பது பழைய பள்ளிக்கூடத்தின் இரண்டு வகுப்பறைகள். சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து, நாட்டின் மூத்த அதிகாரிகள் அத்தனை பேரும் வில்லை ஒட்டினோம். கரும்பலகையில் வரவு செலவுத் திட்டம். பற்றாக்குறை என்ற இடத்தை மட்டும் யாரோ துடைத்துவிட்டிருந்தார்கள். வெளியே ரொட்டிக்கடை வரிசை. கடையில் மாவு இல்லை, ஏனென்றால் மாவு எங்களிடம். வரிசையில் நின்ற ஒருத்தி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "சமைக்கிறீங்களா?" என்று கேட்டாள். "இல்லம்மா, பணம் தயாராகுது" என்றேன். "பணம் இருக்கட்டும், அதுல ஒரு கரண்டி குடுங்க" என்றாள். கொடுக்கவில்லை. அரசாங்கச் சொத்து.

ஒட்டிய நோட்டுகளைப் பெட்டக அறையில் அடுக்கிப் பூட்டினோம். அந்தப் பசை மாவு என்பது எங்களுக்கு மறந்துபோயிற்று, எலிகளுக்கு மறக்கவில்லை. மறுவாரம் கதவைத் திறந்தால் ஒவ்வொரு நோட்டிலும் மூலை மட்டும் காணோம். பழைய ராஜாவின் மீசையைக்கூடத் தொடாமல், நம் சின்னத்தை மட்டும் தின்றிருந்தன. மந்திரி "இது வெளிநாட்டுச் சதி" என்றார். பசை டாக்டர் "இல்ல சார், உள்நாட்டுப் பசி" என்றார். பூனை வாங்கலாம்னா, பூனைக்கு ஒதுக்கீடு கிடையாது. அப்புறம் காவலாளி கணக்குல காட்டி ரெண்டு பூனையை நியமிச்சோம். இப்போ இந்த அரசாங்கத்துல சம்பளத்தை ஒழுங்கா வாங்கறது அதுங்க ரெண்டும்தான், அதுவும் காசா இல்ல, பாலா. ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு இன்னும் ஒரு காசு போகல, பாதிப் பேர் வேலைக்கு வர்றதையே விட்டுட்டாங்க. எங்க மாடி வீட்டு நர்ஸ் நேத்து படிக்கட்டுல என்னை நிறுத்தி, "அக்கா, நீங்க ஒட்டறது எங்க கைக்கு எப்போ வரும்?"னு கேட்டா. "வந்துடும்மா"ன்னேன். "வார்டுல நான் ஒருத்திதான்க்கா. யாரைப் பாக்கறது, யாரை விடறதுன்னு நானே முடிவு பண்றேன். நேத்து ஒருத்தரை விட்டுட்டேன்"னா. குரல்ல கோபமே இல்ல. நான் சாவியைத் தேடற மாதிரி பையைத் துழாவிக்கிட்டே நின்னேன்.

ஆகையால் அண்ணா, அந்த வீட்டில் ஒரு செங்கல்லைக்கூட விற்காதே. நீயும் உன் சேமிப்பும் எங்களிடமிருந்து வெகுதூரத்தில் நீடூழி வாழ வேண்டும். அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள், யாராவது பொருளாதாரம் படிக்க ஆசைப்பட்டால் நல்ல வார்த்தை சொல்லித் தடுக்கவும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை

பி.கு.: உறையை மூடும் நேரத்தில் செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார். அச்சகத்துக்குக் கட்ட வேண்டிய மீதி இன்னும் சேரவில்லையாம். "உங்க அண்ணன் அங்கதானே இருக்கார்? வீடு என்ன விலை போகும்?" என்றார். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. விலையைச் சொன்னேன். "அது போதும்" என்றார். புது நோட்டில் முதல் சம்பளம் ஆஸ்பத்திரிக்குத்தான் என்று எழுதி வாங்கிக்கொண்டேன். வீட்டை விற்றுவிடு அண்ணா. பணத்தை நேராக அச்சகத்தில் கட்டிவிடு. உனக்கு அரசாங்கக் கடன்பத்திரம் வரும், அதில் கையெழுத்து என்னுடையதாக இருக்கும். பயப்படாதே என்று எழுதப் பார்த்தேன், முடியவில்லை.