பாதுஷா பாக்கி

இனிமேல் நடந்து எரிக்கிற கலோரியில் ஒன்றைக்கூட வீணாக்குவதில்லை என்று ஜெயகிருஷ்ணன் தீர்மானித்தார்.

தீர்மானம் பிறந்தது புரட்டாசி மாதத்தில், ஒரு புதன்கிழமை காலைச் சிற்றுண்டியின்போது. தட்டில் இரண்டு இட்லி. முந்தின நாள் வரை ஆறு இருந்த தட்டு. பாதிப் பேர் மாற்றலாகிப் போன செக்‌ஷன் மாதிரி வெறிச்சென்று கிடந்தது.

காரணம் டாக்டர். முழங்காலைத் தட்டிப் பார்த்த பஞ்சாபி டாக்டர், "நீங்கள் ரிட்டயர் ஆகிவிட்டீர்கள். உங்கள் முழங்கால் இன்னும் ஓவர்டைம் பார்க்கிறது" என்று ஹிந்தியில் சொன்னார். தீபாவளி முடிந்து வரும்போது மூன்று கிலோ குறைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் முழங்காலைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

கத்திக்குக்கூட ஜெயகிருஷ்ணன் அவ்வளவு பயப்படவில்லை. வீடு திரும்பும் வழியில் ஆட்டோவில் வைத்து மனைவி அகல்யா போட்ட உத்தரவுக்குத்தான் நடுங்கிப் போனார்.

"மூணு கிலோ குறையலேன்னா இந்தத் தீபாவளிக்கு உங்களுக்குப் பாதுஷா கிடையாது."

அகல்யாவின் பாதுஷா வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். மேலே பாகு பூத்திருக்கும். கடித்தால் உள்ளே அடுக்கடுக்காகப் பிரியும். மத்திய அரசில் முப்பத்தைந்து வருஷம் அவர் சிரித்த முகத்தோடு பைல் பார்த்த நாட்களை எண்ணினால், அவை அத்தனையும் தீபாவளிக்கு மறுநாட்களாகத்தான் இருக்கும். டிபன் டப்பாவில் பாதுஷா இருக்கும் நாட்கள்.

ஆகவே எடையும் குறைய வேண்டும்; வாயும் காயக் கூடாது. இரண்டு இட்லியைப் பார்த்துக்கொண்டே யோசித்தவருக்கு, கையில் கட்டியிருந்த வாட்ச் வழிகாட்டியது. குர்காவ்ன் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் மகள் ஷ்ருதி வாங்கிக் கொடுத்தது. நடந்தால் எவ்வளவு கலோரி எரிந்தது என்று காட்டும்.

"அகல்யா, காம்ப் ஆஃப்னா என்னன்னு தெரியுமில்ல?"

"நீங்க சொல்லிச் சொல்லி இந்தச் சுவருக்கே தெரியும்."

"ஞாயித்துக்கிழமை ஆபீஸ் போய் வேலை பாத்தா, அதுக்கு ஈடா வேற ஒரு நாள் லீவு எடுத்துக்கலாம். அதே ரூல்தான் இங்கயும். காலைல நான் நடக்கறேன். வாட்ச் இருநூறு கலோரின்னு காட்டுது. அந்த இருநூறு என்னோட உரிமை. அதைத் திருப்பிச் சாப்பிட்டுக்கலாம்."

"அப்புறம் எடை எப்படிங்க குறையும்?"

"இந்த ரெண்டு இட்லில குறையும். நடக்கறது நெய் தோசைக்கு."

அகல்யா சட்டினிக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அச்சா" என்றாள்.

டில்லிக்கு வந்த நாளாக அகல்யா இந்த ஒரு ஹிந்திச் சொல்லை மூன்று விதமாகச் சொல்லி வருகிறாள். சரி என்று ஒன்று. அப்படியா என்று ஒன்று. இருக்கட்டும், உன்னை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒன்று. எது எந்த அச்சா என்று ஜெயகிருஷ்ணனுக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

"அப்ப அந்த வாட்சை எனக்கும் ஒரு நாள் கட்டி விடுங்க" என்றாள். "நானும் மூணு மாடி ஏறி இறங்கறேன். மாவாட்டறேன். கமலேஷ் வராத அன்னிக்கு வீடு பூராத் துடைக்கறேன். எனக்கும் ஒரு ஜிலேபி உண்டா?"

ஜெயகிருஷ்ணன் சிரித்தார். எதிரில் கடைநிலை எழுத்தர் ஒருவர் மனுவோடு நிற்பதாகவே அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"ஏம்மா, வீட்டு வேலை எப்படி எக்ஸர்ஸைஸ் ஆகும்? அது ரொட்டீன் ட்யூட்டி. தினம் பாக்கற ட்யூட்டிக்குக் காம்ப் ஆஃப் கிடையாது. ரூல்னா ரூல்."

"அச்சா" என்றாள் அகல்யா மறுபடியும்.

மறுநாளிலிருந்து அவர் நடந்தார். முனிர்காவில் அவர்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு பூங்கா. அதைச் சுற்றிவிட்டு மார்க்கெட் வழியாக வருவார். அந்த வழியில் ஒரு சமோசாக் கடை இருந்தது. அது அவர் குற்றமில்லை. கடை அவருக்கு முந்தியே அங்கே இருந்தது.

வாட்ச் இருநூறு காட்டினால் ஒரு சமோசா. உள்ளே இருப்பது உருளைக்கிழங்கு; அது காய்கறி; ஆகவே சமோசாவுக்கு நூறுதான் என்று அவரே மதிப்புப் போட்டுக்கொண்டார். அப்படியானால் இரண்டு. வாட்சும் தாராள மனசுள்ளது. ஆட்டோக்காரனிடம் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டால் அதற்கும் கலோரி கொடுத்தது. அன்றைக்கு ஒரு ஜிலேபி கூட. நடக்க நடக்கப் பசி எடுத்தது. பசி எடுக்க எடுக்க நடந்தார். இவ்வளவு நியாயமான ஏற்பாடு உலகத்தில் வேறு எங்கும் நடப்பதாக அவருக்குத் தெரியவில்லை.

மாதம் முடிந்து எடை மிஷினில் ஏறினார். முந்நூறு கிராம் கூடியிருந்தது.

இறங்கி, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி ஏறினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். முந்நூறு முந்நூறாகவே நின்றது. உடனே மகளுக்குப் போன் போட்டார்.

"ஷ்ருதி, நீ வாங்கிக் கொடுத்த வாட்ச் பொய் சொல்லுதும்மா. இருநூறு நடந்தா, நூறு நூறா ரெண்டு சமோசாதான் சாப்பிடறேன். எடை ஏறுது."

"அப்பா, வாட்ச் குத்துமதிப்பாத்தான் காட்டும். கொஞ்சம் ஜாஸ்தியாவே காட்டும். நீங்க சமோசாவைக் கம்மியாப் போடறீங்க, நடையை ஜாஸ்தியாப் போடறீங்க. அப்புறம் எப்படி டேலி ஆகும்? நடந்ததைத் திருப்பிச் சாப்பிடாதீங்கப்பா. நிஜமாவே பசிச்சா ஒரு கப் மோர் குடிங்க."

"திருப்பிச் சாப்பிடக் கூடாதுன்னா எதுக்கும்மா நடக்கறது?"

மறுமுனையில் ஷ்ருதிக்கு மீட்டிங் வந்துவிட்டது.

சமோசா என்ற சொல் போனிலிருந்து வெளியே வந்து கூடம் முழுக்கக் கேட்டிருந்தது. ஆனால் அகல்யா கோபிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். அவள் கோபிக்காததுதான் அவருக்குக் கலக்கமாக இருந்தது.

"கல்யாணமான வருஷம் சிம்லா போலாம்னு கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

"இப்ப எதுக்கு அது?"

"லீவு வீணாப் போகும்னீங்க. ஷ்ருதி பொறந்தப்பவும் லீவு போடலை. ஒண்ணு ஒண்ணாச் சேத்து, முந்நூறு நாள் லீவை ரிட்டயர் ஆனப்ப மொத்தமாக் காசா வாங்கினீங்க. ஆபீஸே எழுந்து நின்னு கை தட்டிச்சு."

"தட்டத்தானே செய்வாங்க!"

"லீவைச் சேக்கத் தெரிஞ்ச மனுஷன் கலோரியை மட்டும் அன்னன்னிக்கே வழிச்சுச் சாப்பிடலாமா? இதையும் சேத்து வைங்க. தீபாவளிக்கு மொத்தமா வாங்கிக்கலாம்."

ஜெயகிருஷ்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாதுஷாவாவா?"

"பாதுஷாவா."

"மூணு கிலோ குறையாட்டியுமா?"

"ரூல்படி சேந்திருந்தா சாங்ஷன் பண்றேன். போதுமா?"

இப்படி ஒரு மேலதிகாரி தமக்கு அலுவலகத்தில் வாய்க்காமல் போனாரே என்று அவர் மனம் நெகிழ்ந்தது. அன்றே சமோசாவுக்கு முழுக்குப் போட்டார்.

ஆனால் டில்லி வேறு மாதிரி நினைத்திருந்தது. அடுத்த வாரமே வானம் எருமைத்தோல் நிறத்துக்கு வந்தது. வெளியே போனால் தொண்டை எரிந்தது. எதிர் பிளாக் இருக்கிறதா இல்லையா என்று ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. குர்காவ்னிலிருந்து ஷ்ருதி உத்தரவு போட்டாள்: "அப்பா, காத்து சரியாகற வரைக்கும் படியை விட்டுக் கீழ இறங்கக் கூடாது."

நடை நின்றது. சேர்மானம் நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்து புகையைப் பார்த்தார். அந்தப் புகைக்குள் வரிசை வரிசையாகப் பாதுஷாக்கள் மறைந்து போவது அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

அந்த வாரத்தில்தான் கமலேஷும் ஊருக்குப் போனாள். பெயரைக் கேட்டு ஆண் என்று நினைத்துவிட வேண்டாம். டில்லிப் பக்கம் பெண்களுக்கும் அந்தப் பெயர் உண்டு. பத்து வருஷமாக அவர்கள் வீட்டில் பெருக்கித் துடைத்து, பாத்திரம் கழுவுகிறவள்.

"நாத்தனார் கல்யாணமாம். தீபாவளி கழிச்சுத்தான் வருவாளாம்" என்றாள் அகல்யா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "எனக்கு வேற இங்க பிடிச்சுக்கிச்சு. இந்தக் கூடத்தை மட்டும் கொஞ்சம் துடைச்சு விடுங்களேன்."

அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் போச்சாவை எடுத்தார். நின்றபடியே தரை துடைக்கிற, நீளக் குச்சி வைத்த போச்சா. கூடத்தின் இந்த மூலையில் ஆரம்பித்து அந்த மூலைக்குப் போனபோது கையில் ஏதோ அதிர்ந்தது. பார்த்தார். வாட்ச்! எழுபது கலோரி என்று காட்டி, சபாஷ் போட்டது.

ஜெயகிருஷ்ணன் கூடத்தை இன்னொரு முறை துடைத்தார். பிறகு படுக்கையறையை, பிறகு பால்கனியை.

"சமையலறையை நான் பாத்துக்கறேங்க."

"நீ பேசாம உக்காரு. உனக்கு இடுப்பு வலி."

மறுநாள் மின்விசிறிகளை இறக்கித் துடைத்தார். திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்து, மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனார். கிரைண்டர் இருக்கும்போதே உளுந்தைக் கல்லுரலில் போட்டு ஆட்டினார். அந்த வீட்டுக்கு வந்த நாளாகத் திறக்காத பரணில் ஏறினார். உள்ளே தம் பழைய சூட்கேஸோடு சேர்த்து, சிம்லாவுக்கென்று அகல்யா வாங்கி வைத்திருந்த ஒரு ஸ்வெட்டரும் கிடந்தது. அதையும் உதறி மடித்து வைத்தார். உதறியதற்குப் பன்னிரண்டு கலோரி.

ஒரு நாள் பாலுக்கு உறைமோர் கேட்டு வந்த கீழ்வீட்டுக் காந்திமதி, ஸ்டூல்மேல் நின்று ஒட்டடை அடிக்கும் மனிதரைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"சார், எங்க வீட்டுக்கும் கொஞ்சம் வரீங்களா?"

"வந்தா எவ்வளவு கலோரி தேறும்?" என்று கேட்டார் அவர், விளையாட்டில்லாமல்.

இரண்டு பெண்களும் சமையலறைக்குள் போய்ச் சிரித்தார்கள். பெண்கள் எதற்கெடுத்தாலும் சிரிப்பார்கள் என்று அவர் ஒட்டடையைத் தொடர்ந்தார்.

இரவில் படுக்கப் போகும் முன் மொபைலில் மொத்தம் பார்ப்பார். பிறகு அதைப் பாதுஷாவாக மாற்றுவார். பாதுஷாவை முந்நூறு என்று கறாராகவே வைத்தார். சமோசாவில் பட்டது போதும். ஐப்பசி முடியும் தறுவாயில் வந்த அந்தத் தீபாவளிக்கு முதல் நாள் அவர் சேர்மானம் இருபத்தெட்டு பாதுஷாவைத் தொட்டிருந்தது. அன்று மாலை பாதுஷாவுக்கு மைதாவையும் நெய்யையும் பிசைந்து கொடுத்ததும் அவர்தான். அதிலும் நாற்பது கலோரி.

தீபாவளி விடிந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்தார். புது வேட்டி இடுப்பில் ஒரு சுற்று அதிகமாகச் சுற்றியது. மிஷினில் ஏறினார். டாக்டரிடம் போன நாளை விட இரண்டரைக் கிலோ குறைந்திருந்தது என்று வீடே கேட்கச் சொன்னார். அவ்வளவு சந்தோஷம்.

அகல்யா தட்டைக் கொண்டு வந்து வைத்தாள். நடுவில் ஒரு பாதுஷா.

"இது சாம்பிளா?"

"இதுதாங்க. பண்டிகையும் அதுவுமா ஒண்ணு. மூணு கிலோ குறையலையே."

ஜெயகிருஷ்ணன் சிரித்துக்கொண்டே மொபைலை நீட்டினார்.

"நீ சொன்னபடி சேத்து வெச்சிருக்கேன். இருபத்தெட்டு. ஒரே நாள்ல வேண்டாம். கார்த்திகை தீபம் வரைக்கும் தவணையா வாங்கிக்கறேன்."

அகல்யா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள்.

"எதுல சேந்தது இது?"

"பாத்தியே! தரை துடைச்சேன். பரணை ஒழிச்சேன். மாவாட்டினேன். துணி..."

"அதாவது, வீட்டு வேலை."

"ஆமா."

"வீட்டு வேலை எக்ஸர்ஸைஸ் ஆகாதுங்களே. ரொட்டீன் ட்யூட்டியாச்சே. தினம் பாக்கற ட்யூட்டிக்குக் காம்ப் ஆஃப் கிடையாதுன்னு எனக்கு ரூல் சொன்னது யாரு? எனக்கு ஒரு ஜிலேபிகூட சாங்ஷன் ஆகலையே!"

ஜெயகிருஷ்ணன் வாயைத் திறந்தார். முப்பத்தைந்து வருஷத்தில் எத்தனையோ பேருக்கு அவர் இதே ரூலைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அதற்கு மறுப்பு இருப்பதாக ஒருவர்கூட அவருக்குச் சொல்லித் தரவில்லை. திறந்த வாய்க்குள் அகல்யாவே பாதுஷாவில் ஒரு விள்ளலை வைத்தாள். உள்ளே அடுக்கடுக்காகப் பிரிந்தது. அதனால் அவர் அழவில்லை.

அப்போது வாசல் மணி அடித்தது. புதுச் சேலையில், கன்னம் கொஞ்சம் உப்பி, கமலேஷ் நின்றாள்.

"ஊரிலிருந்து எப்போது வந்தாய்? நாத்தனார் கல்யாணம் நன்றாக நடந்ததா?" என்று அவர் ஹிந்தியில் கேட்டார்.

"எந்த ஊர் சாப்?" என்றாள் கமலேஷ் அவள் ஹிந்தியில். "நான் எங்கேயும் போகவில்லையே. கீழ்வீட்டில் தினமும் வேலைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறேன். தீதிதான் சம்பளத்தோடு லீவு கொடுத்து, மாடிப்பக்கம் தலை காட்டாதே என்றார்." தீதி, அதாவது அக்கா, என்று அவள் கைகாட்டியது அகல்யாவை.

ஜெயகிருஷ்ணன் மனைவியைப் பார்த்தார். மனைவியின் இடுப்பு ஒரு வலியுமில்லாமல் வளைந்து, அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பெரிய இனிப்பு டப்பாவை எடுத்தது. அதைக் கமலேஷின் கையில் வைத்தது. மூடி சரியாக மூடாத அளவுக்கு உள்ளே பாதுஷா.

"நாளையிலிருந்து வேலைக்கு வரட்டுமா தீதி?" என்று கேட்டாள் கமலேஷ்.

அகல்யா கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். எடை மிஷினைப் பார்த்தாள்.

"சாபுக்கு இன்னும் அரைக் கிலோ பாக்கி இருக்கு" என்றாள். "நீ பொங்கல் கழிச்சு வா."