சராசரிக் கணவன்

அந்தச் சனிக்கிழமை காலை நான் ஒரு சபதம் எடுத்தேன். பள்ளிக்கூடமே எதிர்த்தாலும், வீடே எதிர்த்தாலும், சராசரியை விட்டுக்கொடுப்பதில்லை. பள்ளிக்கூடத்தைச் சமாளித்துவிடலாம். வீடுதான் யோசனையாக இருந்தது.

நான் கணக்கு வாத்தியார். ரிப்போர்ட் கார்டில் எந்தப் பாடத்துக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று இந்த வருஷம் புதிதாக முடிவு செய்யும் வேலையைத் தலைமையாசிரியை என் தலையில் கட்டியிருந்தார். திங்கட்கிழமை படிவத்தை நிரப்பித் தர வேண்டும். ஓவியத்துக்கும் பாட்டுக்கும் ஏ, பி, சி, டி என்று எழுத்து போட்டேன். (கல்யாணமான நாளிலிருந்து நான் வீட்டில் சொல்லப் பயப்படும் ஒரே எழுத்து 'டி'. எழுதவாவது முடிகிறதே.) விளையாட்டுக்கு ஆசிரியர் குறிப்பு இரண்டு வரி. கணக்குக்கு வந்ததும் பேனா தானாக ஓடியது: 'மூன்று தேர்வுகளின் சராசரி.'

அங்கேதான் சிக்கல். ஏழாம் வகுப்பில் என் மகளும் இருக்கிறாள். கணக்கில் முதல் தேர்வில் பன்னிரண்டு, இரண்டாவதில் முப்பத்தொன்று, மூன்றாவதில் அறுபத்தெட்டு. அந்த அறுபத்தெட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியவள் அவள். ஆனால் மூன்றையும் கூட்டி வகுத்தால் முப்பத்தேழு. பாஸ் மார்க் நாற்பது. தோழிகள் எல்லாம் எட்டாம் வகுப்புக்குப் போவார்கள், இவள் மட்டும் அதே பெஞ்சில். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக வாத்தியார் மகள் என்று விதியை வளைத்தால் ஊர் சிரிக்காதா?

மனைவி வந்து படிவத்தை எட்டிப் பார்த்தாள். கார் ஓட்டக் கற்றுத் தருவது அவள் தொழில். எவ்வளவு கோபம் வந்தாலும் ஹாரன் அடிக்க மாட்டாள். அதுதான் ஆபத்து.

"சராசரிதானா?"

"சராசரியேதான்."

"அப்ப சரி. சராசரியிலயே 'சரி' இருக்கே, நான் என்னத்தைத் தப்பு சொல்ல?"

அழுவாள், சண்டை போடுவாள் என்று நான் தயாரித்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் வீணாய்ப் போயின.

"ஏங்க, திங்கட்கிழமை நீங்கதானே ஸ்கூலுக்குக் கார் ஓட்டறதா இருக்கு?"

"பின்னே?"

மூன்று மாதமாக அவளிடம்தான் கற்கிறேன். அவள் பக்கத்தில் உட்கார, நான் ஸ்டியரிங் பிடிக்க, பள்ளிக்கூட வாசலில் போய் இறங்குவதாக ஏற்பாடு. இத்தனை வருஷம் நடராஜா சர்வீஸில் போனவன் காரில் இறங்குவதைச் சக வாத்தியார்கள் பார்க்க வேண்டாமா?

அவள் பயிற்சி நோட்டைப் பிரித்தாள். "உங்களுக்கும் மார்க் போட்டு வெச்சிருக்கேன். முதல் மாசம் அஞ்சு."

"நூத்துக்கு அஞ்சா?"

"கேட்டை இடிச்சீங்களே. அந்த அஞ்சும் விழாம நின்னதுக்காகக் கேட்டுக்குக் கொடுத்தது."

"நீ திடீர்னு பிரேக்குன்னு சொன்னதுலதான் இடிச்சேன்!"

"சொன்னதைக் கேட்டிருந்தா கேட்டு தப்பிச்சிருக்கும். ரெண்டாவது மாசம் இருபது. இந்த மாசம் எண்பது."

எண்பது! என் நெஞ்சு நிமிர்ந்தது.

"மொத்தம் நூத்தஞ்சு. மூணால வகுத்தா?"

கணக்கு வாத்தியாரிடம் கேட்டால் வாய் சும்மா இருக்குமா? "முப்பத்தஞ்சு" என்றேன்.

"ஃபெயில். திங்கட்கிழமை பஸ்ல போயிடுங்க."

"அநியாயமா இருக்கே! நேத்து மார்க்கெட் வழியா, பாலம் ஏறி இறங்கி, ஒரு கீறல் இல்லாம ஓட்டினேனா இல்லையா?"

"ஓட்டினீங்க."

"இப்ப எனக்கு ஓட்டத் தெரியுமா, தெரியாதா?"

"நல்லாவே தெரியும்."

"அப்புறம் என்னைக்கோ கேட்டை இடிச்சதை இன்னும் எதுக்குக் கூட்டிக்கிட்டு இருக்கே? ஆரம்பத்துல யாருக்கும்தான் வராது! கடைசியில என்ன தெரியுதுன்னு பார்த்துத்தான் மார்க் போடணும். சொல்லிக் கொடுக்கிறவங்களுக்கு இதுகூடவா தெரியாது?"

கத்தி முடித்தேன். கதவோரம் மகள் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரைத் திட்டினேன் என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது.

மனைவி பேனாவை நீட்டினாள். "இப்ப சொன்னீங்களே, அதை அப்படியே எழுதுங்க. ரொம்ப நல்லா இருந்துச்சு."

சராசரியை அடித்தேன். 'கடைசித் தேர்வில் மாணவர் எட்டிய நிலையே மதிப்பெண். கடைசியில் சறுக்கியவர்களுக்கு மறுதேர்வு உண்டு' என்று எழுதினேன். மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பார்த்தால், என் மகளைப் போல அடியிலிருந்து ஏறி வந்த பிள்ளைகள் இன்னும் பதினொரு பேர் இருந்தார்கள். பன்னிரண்டு பேரும் பாஸ். வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. மகள் ஓடி வந்து என் தோளில் தொங்கினாள்.

திங்கட்கிழமை காரை நானே ஓட்டிப் போய் வாசலில் நிறுத்தினேன். நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனேன். படிவத்தை நீட்டி, இது என் பல வருஷ அனுபவத்தில் கண்ட முறை என்று கால் மணி நேரம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அலமாரியைத் திறந்து ஒரு கட்டு புது ரிப்போர்ட் கார்டுகளை எடுத்து மேஜையில் வைத்தார். பின்பக்கத்தில் என் விதி அச்சாகியிருந்தது.

"போன வாரமே அடிச்சாச்சு சார். உங்க வீட்டம்மாகிட்டதான் நானும் கார் கத்துக்கிறேன். 'சனிக்கிழமை அவரே கத்தி, அவரே எழுதிடுவாரு, நீங்க தைரியமா அச்சுக்குக் கொடுங்க'ன்னாங்க."