கல்யாண வீடியோவில் சாதனா

"நிறுத்துங்க அண்ணாச்சி! அந்தப் பச்சைத் தாவணிதான். என்னா அழகு! கொஞ்சம் பின்னால தள்ளுங்க!" என்று கத்தியது வீடு நிறைந்த கூட்டம்.

இசக்கிமுத்து ரிமோட்டை அழுத்தினார். டிவிக்குள் இருந்த மாப்பிள்ளை இசக்கிமுத்து, கட்டிய தாலியைத் தானே அவிழ்த்து எடுத்துக்கொண்டார். காலையிலிருந்து இது நாலாவது தடவை. மனைவி பூமாரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு மனைவியோடு தனியாக உட்கார்ந்து பார்க்கத்தான் பழைய கேசட்டை பென் டிரைவில் ஏற்றி வந்திருந்தார். கெட்ட நேரம், அதே வாரத்தில்தான் இந்தி டிவி தொகுப்பாளினி, நாற்பது தாண்டிய சாதனா, தன் நிகழ்ச்சிக்கு வந்த நடிகர் தலையில் ஒரு ஜக்கு தண்ணீரைக் கவிழ்த்தாள். நாடே அவளைத் திட்டியது; திட்டிக்கொண்டே திரும்பத் திரும்பப் பார்த்தது. அவள் இதே தாராவியில் பிறந்த தமிழ்ப் பெண் என்று ஒரு சேனல் கொளுத்திப்போட்டது. இசக்கிமுத்து டீக்கடையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எங்க கல்யாண வீடியோவுல ஒரு பிள்ளை அவள மாதிரியே இருக்கு" என்றார். வீட்டு வாசலில் செருப்பு குவிந்துவிட்டது.

பக்கத்து வீட்டு லூர்தம்மாள் ஒரு காட்சியையும் விடவில்லை. இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள்.

திரையில் சந்து முழுவதையும் அடைத்துப் போட்ட பந்தல். பூமாரியின் அப்பா வெற்றிலை வாயோடு சிரித்தார். அவர் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

"அப்பா!" என்றாள் பூமாரி. கண் நிறைந்துவிட்டது.

"பெரியவர் மறைக்காரு, தள்ளிப் போடுங்க!" என்றது கூட்டம்.

இசக்கிமுத்துவுக்கு வலித்தது. அவருடைய அந்தக் கால மீசையைக்கூட ஒருவரும் கவனிக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் பூமாரி கேட்டாள்: "யாரு அவ? நம்ம கல்யாணத்துக்கு யாரு கூப்பிட்டா?"

"உங்க வீட்டு ஆளா இருக்கும்."

உடனே மும்பையின் இன்னொரு கோடியில், பாண்டுப்பிலிருக்கும் தன் தம்பிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள். அவன் போனிலேயே குதித்தான். "அத்தான், அந்த லஃப்டாவுல, வம்புல எங்க குடும்பத்த இழுக்காதீங்க!"

"சரிப்பா, எங்க ஆளுதான், விடு" என்றார் இசக்கிமுத்து, சண்டையை முடிப்பதாக நினைத்து.

"ஓஹோ, உங்களுக்கு வேண்டியவளா?" என்றாள் பூமாரி. "அதான் இத்தன வருஷமா கேசட்ட பத்திரமா வச்சிருந்தீங்களோ?"

"ஐயோ, அது சாதனாவே இல்ல பூமாரி!"

"இப்ப எதுக்கு மறைக்கீங்க?"

பரணிலிருந்து பை இறங்கியது. சேலைகள் உள்ளே போயின. இசக்கிமுத்து ஒரு சேலையை எடுத்து வெளியே வைத்தார். நாளைக்குக் கல்யாண நாள். இவள் பாண்டுப்புக்கு ரயிலேறிவிட்டால் அவர் யாரோடு அந்தப் பந்தலைப் பார்ப்பது? மாமனாரின் சிரிப்பைப் பார்த்து இருவரும் சேர்ந்து அழவேண்டும் என்றுதானே இத்தனை பாடும்?

"போவாத பூமாரி. அவ யாருன்னு சத்தியமா எனக்குத் தெரியாது" என்றார்.

பூமாரி பையைத் தூக்கினாள். வாசலில் லூர்தம்மாள் வழியை மறித்து நின்றாள். முகமெல்லாம் வெட்கம்.

"பைய வைங்கக்கா. அந்தப் பச்சைத் தாவணி நான்தான், அன்னிக்கு அடுத்த சந்துலேருந்து பந்தல் பாக்க வந்தேன்; ஊரே அழகு அழகுன்னு சொல்லிச்சா, ரெண்டு நாளு ஓடட்டுமேன்னு வாயத் தொறக்காம இருந்துட்டேன்."