மேனுவல் அண்ணன் வாங்கிய எஸ்யூவி

சிங்கப்பூரில் கார் ஓட்டுகிறவர்களில் இடது காலை ஒழுங்காகப் பயன்படுத்திய ஒரே மனிதர் மேனுவல் அண்ணன்தான். மற்ற எல்லோரும் அந்தக் காலைச் சும்மா கூட்டிக்கொண்டு போகிறோம். இது அவரே சொன்னது. பதினோரு வருடம் ஒரே அலுவலகத்தில் அவரோடு உட்கார்ந்ததில் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

உண்மைப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கிளட்ச் மிதித்துக் கையால் கியர் மாற்றும் மேனுவல் வண்டியைத் தவிர வேறெதையும் வண்டி என்று ஒப்புக்கொள்ளாததால் வந்த பெயர் இது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் அவரைக் கிறிஸ்தவர் என்று நினைத்து டிசம்பரில் கேக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நெற்றி நிறைய விபூதியோடு வாங்கிக்கொண்டு, முந்திரி கொஞ்சம் குறைவு என்பார். யாரையும் திருத்த மாட்டார்.

துவாஸில் எங்கள் நிறுவனம் செய்தது, ஆள் வந்தால் தானாகத் திறக்கும் கதவுகள். அதன் பராமரிப்புப் பிரிவுக்கு அவர்தான் மேற்பார்வையாளர். இது உங்களுக்கே விசித்திரமாக இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். "கதவு தானா திறக்கட்டும் லா. அதுக்கு வேற என்ன வேலை இருக்கு?" என்றார்.

கம்பெனி லாரியை ஓட்டித் திருப்தியாக இருந்தவர்தான். அந்த லாரிகளும் ஆட்டோமேட்டிக் ஆனபோது, சொந்தமாகப் பழைய மேனுவல் எஸ்யூவி ஒன்று வாங்குவதென்று தீர்மானித்தார். வீட்டில் அவரும் அண்ணியும் மட்டும்தான். இரண்டு பேருக்கு எதற்கு அவ்வளவு பெரிய வண்டி என்று அண்ணி கேட்டார். உயரமாக உட்கார்ந்தால்தான் முன்னால் போகிறவன் என்ன தப்புச் செய்யப் போகிறான் என்பது தெரியும் என்று பதில் வந்தது.

தேடல் ஒன்றரை வருடம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில் தேநீர் குடித்துக்கொண்டே கைப்பேசியில் விளம்பரங்களைப் பார்ப்பார். பிறகு என்னைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு வண்டி பார்க்கப் போவார். எஞ்சினிலிருந்து ஆயில் குச்சியை உருவி மோந்து பார்ப்பார். ஒருமுறை மிக நீண்ட நேரம் மோந்ததில், விற்பவரின் மனைவி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். நல்ல வண்டி ஒன்றை, விற்பவர் கியர்மேல் கையை வைத்தபடியே ஓட்டினார் என்பதற்காக வேண்டாமென்று சொல்லிவிட்டார். அந்த மாதிரி ஆள் எதையும் நிம்மதியாக இருக்க விடமாட்டான் என்பது அவர் கணிப்பு.

கடைசியில் காத்தோங்கில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரிடம் அந்த எஸ்யூவி கிடைத்தது. பதினாறு வயது வண்டி. பச்சை நிறம். முழங்கால் வலியால் டீச்சருக்கு இனி கிளட்ச் மிதிக்க முடியாது. மேனுவல் அண்ணன் கேள்விகளோடு போனார். ஆனால் கேள்வி கேட்டது முழுக்க டீச்சர்தான். மேட்டில் எத்தனையாவது கியர், மழையில் எப்படி பிரேக் என்று அவர் கேட்கக் கேட்க, அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னார்.

பிறகு டீச்சர் எங்களைப் பக்கத்திலிருந்த பலமாடிக் கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப்போனார். ஏற்றத்தின் நடுவில் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"ஹேண்ட்பிரேக் தொடாம எடுங்க. பின்னாடி ஒரு இன்ச்கூட வரக்கூடாது."

மேனுவல் அண்ணன் வியர்த்துப்போனார். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

"டீச்சர், நீங்க நிக்க வேணாம். முழங்கால் வேற சரியில்ல. இவன் நிக்கட்டும்."

டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். என் சம்மதத்தை இருவருமே கேட்கவில்லை. பச்சை வண்டியின் பின்புறத்தை ஒரு கை தூரத்தில் பார்த்தபடி நின்றேன். எஞ்சின் லேசாக உறுமியது. வண்டி ஓர் அங்குலமும் பின்வாங்காமல் மேலே ஏறிப் போய்விட்டது. அந்தப் புகையில் நின்றுகொண்டுதான், இந்த மனிதரை நான் முழுதாக நம்புகிறேன் என்பதைக் கண்டுகொண்டேன். டீச்சர் சாவியைக் கொடுத்தார்.

வாங்கிய எட்டாவது மாதம் அது நடந்தது. மேம்பாலப் படியில் இறங்கும்போது, கீழே ஒரு லாரி தப்பான கியரில் திணறுவது அவர் காதில் விழுந்தது. ஓட்டுவது யார் என்று எட்டிப் பார்த்ததில் படி தவறியது. இடது கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்தது.

ஐந்து மாதம் வண்டி ஓட்டக் கூடாது, அதன் பிறகும் அந்தக் கால் கிளட்ச் மிதிக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். விற்றுவிடலாம் என்றார் அண்ணி. மேனுவல் அண்ணன் மறுத்துப் பேசவில்லை. அதுதான் எங்களைக் கலக்கியது.

ஒரு மாலை புக்கிட் மேராவில் அவர் வீட்டுக்குப் போனேன். கீழே கார் நிறுத்துமிடத்தில், எஸ்யூவிக்குள் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங்குக்கு அடியில் கட்டு நுழையாததால் பக்கத்து இருக்கையில்.

"என்ன அண்ணே பண்றீங்க?"

"சும்மாதான். அது தனியா நிக்குது."

மேலே போய் அண்ணியிடம், வண்டியை விற்க வேண்டாம், நான் ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். என்னிடம் இருந்தது ஆட்டோமேட்டிக் மட்டும் ஓட்டும் லைசென்ஸ். விஷயத்தைக் கேள்விப்பட்ட மேனுவல் அண்ணன் என் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பழக்கமில்லாத கால். பாத்து."

நாற்பத்தாறு வயதில் மேனுவல் வகுப்பில் சேர்ந்தேன். கூடப் படித்தவர்கள் என்னை அங்கிள் என்றார்கள். பயிற்றுநர் என்னை ஒன்றும் சொல்லாமல் வண்டியைத்தான் தடவிக்கொடுத்தார். முதல் தேர்வில் மேட்டில் பின்னால் உருண்டு தோற்றேன். இரண்டாவதில் தேறியபோது மேனுவல் அண்ணன் காலுடைந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

அன்று மதியமே புக்கிட் மேராவுக்கு ஓடினேன். வண்டி நிற்கும் இடம் காலியாக இருந்தது. விற்றுவிட்டார்கள் என்று நினைத்து அங்கேயே நின்றுவிட்டேன். அப்போது வளைவில் பச்சை எஸ்யூவி திரும்பி வந்தது. ஓட்டிவந்தது மேனுவல் அண்ணன். காலையில்தான் டாக்டர் அனுமதி கொடுத்திருந்தாராம்.

"நான் பாஸ் பண்ணிட்டேன் அண்ணே" என்றேன். இனி அதனால் யாருக்கும் பயனில்லை என்பது சொல்லும்போதே தெரிந்தது.

அவர் எஞ்சினை அணைக்கவில்லை. கதவைத் திறந்து இறங்கி, மெதுவாகச் சுற்றிவந்து, பக்கத்து இருக்கையில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

மேற்கே ஓட்டினேன். நான்கு முறை எஞ்சின் நின்றது. மூன்று முறை கியர் கத்தியது. டாக்ஸியில் போனால்கூட டிரைவரின் கால்மேல் வைத்த கண்ணை எடுக்காதவர், ஒன்றுமே சொல்லவில்லை. கோபமா என்று ஒரு சிக்னலில் திரும்பிப் பார்த்தேன். தலையைக் கண்ணாடியில் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குத் திரும்ப வேண்டிய சாலை வந்தது. நான் திரும்பாமல் நேராகவே போனேன்.