பைலட்டின் வால் விளக்கு

மயான வாசலில் பைக்கை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் ஏந்தி, தலையை அளவோடு தாழ்த்திக்கொண்டு பைலட் திரும்பிப் பார்த்தான். பின்னால் அமரர் ஊர்தியைக் காணவில்லை. அதற்குப் பின்னால் வரவேண்டிய கார்களையும் காணவில்லை. ஒரு நாய் மட்டும் சாலையைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

துக்கத்தோடு நின்றவன் இப்போது நிஜமாகவே வியர்த்து நின்றான்.

வாசல் காவலாளி எட்டிப் பார்த்தார். "ஆள் எங்கப்பா?"

"வந்துட்டிருக்காங்க."

"எந்த ஆளு? போறவரா, வழியனுப்ப வர்றவங்களா?"

"எல்லாரும்தான்" என்றான் பைலட்.

அவன் விமானம் ஓட்டுபவன் அல்ல. இறுதிப் பயண நிறுவனம் ஒன்றில், அமரர் ஊர்திக்கு முன்னால் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு பைக்கில் மெதுவாகப் போய் வழிகாட்டுவது அவன் வேலை. அதனால் எல்லோரும் பைலட் என்றே கூப்பிட்டார்கள். அதற்கு முன் பல வருடங்கள் அவன் அதே நிறுவனத்தின் பெட்டி அறையில் சவப்பெட்டி தூக்கினான். முதுகு போனதும் முதலாளி இந்த வேலையைக் கொடுத்தார். பள்ளிக்கூடத்திலிருந்து இன்றுவரை எல்லா வரிசையிலும் கடைசியில் நின்று பழகியவனுக்குப் பின்னால் நாலு பேர் வந்தது இந்த வேலையில்தான். அந்த நாலு பேரும் அழுதுகொண்டு வந்தார்கள் என்பதைப் பற்றி அவனுக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் வேலையில் அவனுக்கு உயிர்.

வேலைக்கு முதலாளி விதித்த விதிகள் உண்டு. ஊர்வலத்தில் ஹாரன் அடிக்கக் கூடாது. போனைத் தொடக் கூடாது. முன்னால் போகிறவன் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கவே கூடாது; "பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி இருக்கும்" என்பார். போகும் வழி எப்போதும் இருப்பதிலேயே குறுகிய வழி. ‘ஒரே ஒரு தெரு சுத்திப் போலாமே’ என்று யார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாலும் கிடையாது. ஒருவருக்குச் சுற்றினால் அடுத்தவர் காத்துக் கிடப்பார் என்பது அவர் நியாயம். ஊரில் பாதித் தெருக்களைக் குழாய் போடத் தோண்டி வைத்திருந்தார்கள். அன்றைக்கு எந்தத் தெரு திறந்திருக்கிறது என்று பைலட்தான் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வருவான். ஆகவே ஊர்தியை ஓட்டும் டிரைவர் அண்ணனுக்கு எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்ல ஒரே ஒரு வழிதான் இருந்தது. அது பைலட்டின் இண்டிகேட்டர்.

அந்த இண்டிகேட்டரில்தான் பைலட் கை வைத்திருந்தான்.

பைக் பழையதாக வாங்கியது, ஆனால் பந்தய ரகம். முன்பக்கம் பார்த்தால் பாயப்போகும் தோரணை. பின்பக்கம் பார்த்தால் முழநீளத்துக்குத் தொங்கும் பிளாஸ்டிக் மட்கார்டு, அதன் நுனியில் ஆடும் நம்பர் பிளேட், இரண்டு பக்கமும் கரண்டி நீட்டிய மாதிரி இண்டிகேட்டர்கள். அந்த வண்டி இரண்டாவது கியரைத் தாண்டி ஊர்வலத்தில் போனதே இல்லை. இருந்தாலும் அழகு அழகுதானே?

"சாவு வீட்டு வண்டிக்கு முன்னாடி போறதுக்கு என்ன அலங்காரம் வேண்டிக் கிடக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"பின்னாடி வர்றவங்க வழி பூரா பாக்கிறது என் முகத்தையா? இந்த வாலைத்தானே? அது லட்சணமா இருக்க வேண்டாமா?"

"அவங்க அழுதுட்டு வருவாங்க. கண்ணு தெரியாது."

அவன் கேட்கவில்லை. மெக்கானிக் அந்த மட்கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு, சீட்டுக்கு அடியில் கச்சிதமாக ஒரு சின்னத் தகட்டை வைத்து, அதில் நகக்கண் அளவில் இரண்டு எல்.ஈ.டி விளக்குகளைப் பொருத்திக் கொடுத்தான். பைக்கின் பின்பக்கம் சவரம் செய்த முகம் போலப் பளிச்சென்று இருந்தது. பைலட் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

அதன் பலன்தான் இப்போது மயான வாசலில் அவன் நாயோடு நின்றது.

நெடுநேரம் கழித்து ஊர்தி வந்தது. பெட்டியை உள்ளே அனுப்பிவிட்டு டிரைவர் அண்ணன் அவனிடம் வந்தார். பேச்சு குறைந்த மனுஷர். யாரையும் கடிந்து பேசியதில்லை.

"லைட்டு தெரியலைப்பா. நீ திரும்பினது தெரியாம நேரா போயிட்டேன். விளையாட்டு மைதானத்தைச் சுத்திக்கிட்டு வரவேண்டியதாப் போச்சு."

"கண்ணாடியில பாத்திருப்பேன்ணே. இந்த வண்டிக் கண்ணாடியில என் முழங்கைதான் தெரியுது."

"பரவாயில்லை விடு" என்றார் அவர்.

இறந்தவர் பந்தாட்டக்காரர். சொந்தக்காரர்கள் கலங்கிய கண்களோடு இறங்கி, ஒரு வார்த்தை குறை சொல்லாமல் உள்ளே போனார்கள். அது பைலட்டை இன்னும் குத்தியது. நாலு திட்டு திட்டியிருந்தால் ராத்திரி தூங்கியிருப்பான்.

மறுநாளே மெக்கானிக்கிடம் போய் நின்றான். "வெளிச்சம் பத்தலை."

"பத்த வச்சிடலாம் பாஸ்" என்று மெக்கானிக் பளீரென எரியும் வேறு ஜோடியை மாட்டினான். வெளிச்சம் பத்தியது. ஆனால் அந்த விளக்கு ஒத்துவராமல், அதை விட்டு விட்டு மின்ன வைக்கும் பிளாஷர் குழம்பிப்போய், நிதானமாக மின்னவேண்டிய இண்டிகேட்டர் படபடவென்று துடிக்க ஆரம்பித்தது. அன்றைக்கு நேரமில்லை. அப்படியே ஊர்வலத்துக்குப் போனான்.

முதலாளி நிறுவன வாசலில் நின்று பார்த்தார். அவர் முகம் எப்போதும் துக்க முகம்தான். அன்று அதில் கொஞ்சம் பயமும் சேர்ந்தது.

"என்னடா இது? துக்க ஊர்வலமா, தீயணைப்பு வண்டியா? போறவரு பயந்து எழுந்து உக்காந்துடப் போறாரு!"

அவர் எழுந்து உட்காரவில்லை. ஆனால் ஊர்தி மறுபடியும் தவறியது. இந்த முறை கடைத்தெருவுக்குள் புகுந்து வந்தது.

"இவ்வளவு மின்னுதே, இதுகூடவா தெரியலை?" என்றான் பைலட், அழாத குறையாக.

டிரைவர் அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "ரொம்ப வேகமா மின்னுதுப்பா. அது லெஃப்டா, ரிப்பேரான்னு ஒரு சந்தேகம். அதுக்குள்ள திருப்பம் போயிடுச்சு."

"கடைத்தெருவுல கூட்டமா இருந்திருக்குமே."

"இல்லை. இன்னிக்கு நம்ம வண்டியில வந்த பெரியவர் வேலை பார்த்த தையல் கடைக்காரங்க எல்லாம் வாசல்ல வந்து நின்னு வழி விட்டாங்க. மெஷினை எல்லாம் நிறுத்திட்டாங்க."

"அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அதான் தெரியலை" என்று சொல்லிவிட்டு அவர் ஊர்தியின் கண்ணாடியைத் துடைக்கப் போனார்.

மூன்றாவது தடவை மெக்கானிக் பிளாஷரை மாற்றினான். துடிப்பு நிதானத்துக்கு வந்தது. கூடவே அவனுக்கு ஒரு கலையுணர்ச்சியும் வந்து, இண்டிகேட்டரை பிரேக் லைட்டுக்குள்ளேயே ஒட்டி வைத்து, "இப்ப பாருங்க, ஒரே பீஸ்" என்றான். அழகில் குறையில்லை. ஆனால் ஊர்வலம் என்பது வழி முழுக்க பிரேக் பிடித்துக்கொண்டே போகிற சமாச்சாரம். சிவப்பு வெளிச்சம் மஞ்சளை அப்படியே விழுங்கியது.

அன்று இறந்தவர் பஸ் ஓட்டியவர். பைலட் மயான வாசலில் ஹெல்மெட்டோடு நின்றான். காவலாளி இந்த முறை எதுவும் கேட்காமல் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

ஊர்தி வந்ததும் டிரைவர் அண்ணன் கையை விரித்தார். "பஸ் டிப்போவுக்குள்ளயே போயிட்டேன்பா. உள்ள ஒரு சுத்து சுத்தித்தான் வெளிய வர முடிஞ்சுது."

"டிப்போவுக்குள்ளயா!"

"எல்லா பஸ்ஸும் ஹாரன் அடிச்சாங்க. நான் அடிக்கலை. விதி இருக்கில்ல?"

முதலாளி அவனைத் தனியாக அறைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் இருந்த வெள்ளைப் பூக்களை நகர்த்தி வைத்துவிட்டு அவனைப் பார்த்தார்.

"மூணு வீட்டுக்கும் நானே போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை. துக்கத்துல கவனிச்சிருக்க மாட்டாங்க. ஒரு அம்மா எனக்கு நன்றி வேற சொன்னாங்க. பாவம், புத்தி பேதலிச்சிருக்கு."

"இனிமே நடக்காதுங்க."

"நடந்தா ஊர்திக்கு முன்னாடி வேற ஆள் போவான். நீ மறுபடி பெட்டி அறைக்குப் போயிடு. அந்த மனுஷங்களோட கடைசிப் பயணம்டா இது. அதுல வழி தவறலாமா? செத்தவங்க திரும்பி வந்து இன்னொரு தடவையா போகப் போறாங்க?"

பைலட் தலையாட்டிவிட்டு வெளியே வந்தான். முதலாளி சொன்னது நியாயம். தன் அழகு ஆசையால் மூன்று பேரின் கடைசிப் பயணத்தைச் சீரழித்துவிட்டோம் என்று அவன் நம்பினான். டிரைவர் அண்ணனிடம் மிரட்டலைப் பற்றி மூச்சு விடவில்லை. ஏற்கெனவே வருத்தத்தில் இருக்கும் மனுஷருக்கு இது வேறு எதற்கு?

அன்று சாயங்காலம் மெக்கானிக் கடையில் அவன் வீராவேசமாக நுழைந்தான்.

"லாரிக்குப் போடுற இண்டிகேட்டர் இருக்கா?"

"பாஸ், இது பந்தய வண்டி."

"போடு."

"அதைத் தாங்க தகடு பத்தாது. பழைய மட்கார்டே வேணும்."

"அதையும் போடு."

தூக்கி எறிந்த மட்கார்டு கடையின் பின்புறம், எண்ணெய் டப்பாக்களுக்கு நடுவில் கிடந்தது. அதைத் துடைத்துத் திரும்ப மாட்டினான் மெக்கானிக். இரண்டு பக்கமும் இரும்புக் குழாயை நீட்டி, அதன் நுனியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மஞ்சள் விளக்குகளைப் பொருத்தினான். பொருத்தும்போது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வேலை முடிந்ததும், "யார் கேட்டாலும் என் கடையில செஞ்சதுன்னு சொல்லாதீங்க" என்று கும்பிட்டான்.

வீட்டுக்கு வந்து மனைவியைத் தெருக்கோடிக்கு அனுப்பினான். வலது பக்கம் போட்டான். தெருக்கோடியில் அவள் வலது கையைத் தூக்கினாள். இடது பக்கம் போட்டான். எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் திரையை இழுத்து மூடினார்.

"எப்படி?" என்றான், அவள் திரும்பி வந்ததும்.

"நல்லாத் தெரியுது. கண்ணை மூடிக்கிட்டாலும் தெரியுது." பிறகு அவள் வண்டியை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "காது முளைச்ச மாதிரி இருக்கு. பரவாயில்லை. வேலை முக்கியம்."

அவனுக்கு அழுகை வரும்போல இருந்தது. எத்தனை ஆசையாகச் செதுக்கி வைத்த வால்! ஆனால் பின்னால் வருகிறவர்கள் வழி தவறாமல் வந்தால் போதும், தன் வண்டி எப்படி இருந்தால் என்ன என்று தன்னையே தேற்றிக்கொண்டான்.

காலையில் நிறுவனத்தில் டிரைவர் அண்ணன் பைக்கின் பின்னால் வெகுநேரம் நின்றார்.

"தெரியுதாண்ணே?"

"தெரியுது." அவர் குரலில் சந்தோஷம் இல்லை. "எவ்வளவு தூரத்துல வந்தாலும் தெரியும்போல."

"தெரியணும்ணே. அதுக்குத்தானே இவ்வளவும்."

"பழசே நல்லாயிருந்துச்சுப்பா."

"எது, மொத மொதல்ல வண்டியோட வந்ததா?"

"இல்லை. அந்தச் சின்ன லைட்டு." கொஞ்சம் தயங்கினார். "இதைக் கழட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

கிண்டல் செய்கிறார் என்று பைலட்டுக்கு மனசு சுருங்கிவிட்டது. இந்த மனுஷர் கிண்டல் செய்து அவன் பார்த்ததே இல்லை. "கழட்டவே முடியாதுண்ணே. வெல்டிங் வச்சாச்சு" என்றான் ரோஷத்தோடு. டிரைவர் அண்ணன் பெருமூச்சு விட்டுவிட்டுப் போய் ஊர்தியில் ஏறி உட்கார்ந்தார்.

அன்றைய வீடு ஒரு குறுகிய தெருவில் இருந்தது. இறந்தவர் ஓய்வுபெற்ற படகோட்டி. வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மெல்லிய குரலில் பேச்சு. பெட்டியை ஊர்தியில் ஏற்றினார்கள். முதலாளியே நேரில் வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று, பைலட்டையும் அவன் விளக்குகளையும் மாறி மாறிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பெட்டி அறை இனி இல்லை என்று பைலட்டுக்குத் தெரிந்தது. நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது.

அவன் ஹெல்மெட்டை மாட்டப் போகும்போது இறந்தவரின் மனைவி மெல்ல நடந்து அவனருகே வந்தார். வயதான அம்மா. கைக்குட்டையை இறுக்கிப் பிடித்திருந்தார். நேராக அவனிடம் பேசாமல் பைக்கின் பின்னால் போய், அந்த இரண்டு விளக்குகளையும் குனிந்து பார்த்தார்.

"இந்த வண்டிதானாப்பா? லைட்டு சரியாத் தெரியாதுன்னு சொன்னாங்களே."

ஊர் முழுக்கப் பரவிவிட்டது என்று பைலட்டுக்கு வெட்கமாகப் போயிற்று. ஹெல்மெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இத்தனை நாள் செய்த பாவத்துக்கெல்லாம் சேர்த்துச் சொல்வது போலச் சொன்னான்:

"அதெல்லாம் சரி பண்ணியாச்சும்மா. இப்ப தெருக்கோடியில இருந்தும் தெரியும். நீங்க ஒண்ணுக்கும் கவலைப்படாதீங்க. அய்யாவை நேரா கூட்டிட்டுப் போயிடுவோம். ஊர்தி ஒரு சந்துகூட வழி தவறாது."

அந்த அம்மாவின் முகம் வாடிப்போயிற்று. ஊர்தியின் கண்ணாடிக்குப் பின்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த டிரைவர் அண்ணனை ஒரு தடவை பார்த்தார். பிறகு பைலட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"எந்த இடத்துல வழி தவறணும்னு டிரைவர் நேத்தே வந்து கேட்டுட்டுப் போனாரேப்பா?"