மாஃபி அண்ணாச்சியின் ஊமைப் படம்

உலகத்தில் எடுத்த படம், எடுக்கப்போகிற படம் எதுவுமே பிடிக்காத ஒரே ஜீவன் துபாயில் சத்வா ஏரியாவில் எங்கள் ரூமில்தான் இருந்தது. அரபியில் ‘மாஃபி’ என்றால் இல்லை. வெள்ளிக்கிழமை பிரியாணியை முடித்து நாங்கள் படம் போட்டால், பத்தாவது நிமிஷம் தீர்ப்பு வந்துவிடும்: “கதை மாஃபி. நடிப்பு மாஃபி. எடுத்தவனுக்கு மூளை சுத்தமா மாஃபி.” டைப்பிங் சென்டரில் விசா ஃபாரம் அடிக்கிற திருநெல்வேலிக்காரருக்கு அவ்வளவு கொழுப்பு. மாஃபி அண்ணாச்சி என்றே பேர் வைத்துவிட்டோம்.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் அமெரிக்க ஊமைப் படம் ஒன்றை வி.சி.டி.யில் வாங்கிவந்தார். ரூமிலிருந்த கீழக்கரை காதர் பாய் ரிமோட்டை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். டி.வி. தலையில் இரண்டு தட்டும் தட்டினார்.

“சவுண்டே வரலையே அண்ணாச்சி! கடைக்காரன் ஏமாத்திட்டான்.”

“பேச்சே கிடையாது வேய். வாயை மூடிட்டுப் பாரும்.”

நடுநடுவே இங்கிலீஷில் எழுத்து வரும். ஒவ்வொன்றுக்கும் படத்தை நிறுத்தி, நோட்டில் தமிழில் எழுதினார். கதாநாயகி ஒரு சொட்டுக் கண்ணீர் விட முக்கால் மணி நேரம் ஆனது. கடுப்பில் வி.சி.டி. அட்டையின் பின்பக்கத்தை உரக்கப் படித்தேன். படம் வந்த காலத்தில் பத்திரிகைக்காரர்கள் கிழிகிழியென்று கிழித்தார்களாம். இப்போதுதான் காவியம் என்கிறார்களாம்.

“கிழிச்சவனுவளுக்கு ரசனை மாஃபி,” என்றார் அண்ணாச்சி.

“மனுசனுக்கு மறை கழண்டுடுச்சு,” என்றார் காதர் பாய்.

அண்ணாச்சி ஊருக்கு லீவில் போகப் பெட்டி கட்டும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் மனைவிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தியேட்டரில் பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தால் சிரிப்பாராம். எந்தப் படமானாலும் நல்லாருக்கு என்று தலையாட்டுவாராம்.

“ஒரு படமாவது அவ முழுசா பாக்கணும் வேய். இதுவும் புரியலைன்னா நான் என்ன செய்வேன்?” என்று நோட்டைச் சட்டைகளுக்கு நடுவே வைத்தார். அவ்வளவு நாள் கேலி செய்த எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

திரும்பி வந்த அன்றே சூழ்ந்துகொண்டோம். “வீட்ல என்ன சொன்னாங்க அண்ணாச்சி?”

“கதாநாயகன் மடையனாம். அழுகை ஜாஸ்தியாம். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்காம். கை ஜாடையிலேயே படத்தைக் கிழிச்சுத் தொங்கவிட்டுட்டா!” அண்ணாச்சிக்கு முகமெல்லாம் பல். “இருவது வருசத்துல முதல் தடவையா ஒரு படத்தைத் திட்டியிருக்கா வேய்! அவளுக்கு முழுசா புரிஞ்சிருக்கு!”

அடுத்த வெள்ளிக்கிழமை அதே படத்தை நாங்களே கடையில் தேடி வாங்கிவந்து போட்டோம். இரண்டாம் தடவையும் மகா அறுவைதான். ஒருத்தர்கூட எழுந்து போகவில்லை.