பெருசு போட்டால் வா

எட்டு பெரிய சீட்டா, சின்னச் சீட்டா? காலையில் அடுப்படியில் சொல்லிப் பார்த்தபோதுகூடப் பெரிசாகத்தான் இருந்தது. இப்போது இவர் முகத்தைப் பார்த்தால் சின்னது போலிருக்கிறது. ஒருவேளை நான்தான் மக்கோ?

அன்னம் சீட்டுகளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். எதிரே அவள் கணவர் சண்முகசுந்தரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கிளப்பின் வருடாந்தர பிரிட்ஜ் போட்டி அது. முதல் ஆட்டத்தில் அப்போதுதான் தோற்றிருந்தார்கள்.

"எட்டெல்லாம் ஒரு சீட்டா?" என்றார் அவர். "நான் ஏஸ் இறக்குறேன். உனக்கு அந்த ஜாதி புடிச்சிருந்தாப் பெருசாப் போடோணும். புடிக்கலைன்னாச் சிறுசு. எத்தனை தடவ சொல்றது?"

"எட்டு பெருசுதானுங்களே..."

"வாயாடாதே."

பிரிட்ஜில் எதிரெதிரே உட்காருபவர்கள்தான் ஜோடி. வாய் திறந்து எதுவும் கேட்கக் கூடாது, சொல்லவும் கூடாது. ஜோடி இறக்கிய ஜாதியையே, அது ஆர்டினோ ஸ்பேடோ, மறுபடி இறக்கலாமா கூடாதா என்று சீட்டுதான் பேச வேண்டும். பெருசு போட்டால் வா, சிறுசு போட்டால் வேண்டாம். போன வருடம் அவர் இதைச் சொல்லிக்கொடுத்தபோது அன்னத்துக்கு உடம்பு சிலிர்த்தது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவரிடம் வேண்டாம் என்று சொல்ல அவளுக்குக் கிடைத்த முதல் வழி அதுதான்.

வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்திலும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, அவர் கிளப்புக்குத் தனியாகத்தான் போவார். ஒருநாள் திடீரென்று, "நாளையிலிருந்து நீயும் வா, நீதான் எனக்கு ஜோடி," என்றார். அன்னம் அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தாள். மறுநாளே கடைத்தெருவில் அரக்கு நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் வாங்கினாள்.

அதற்குமுன் அவருக்கு ஜோடி சிவகுரு. இப்போது எதிரணியில், அன்னத்துக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். நண்பர்கள் ஏன் பிரிந்தார்கள் என்று அவள் கேட்டதில்லை. இடம் காலியானதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

அந்த இடத்துக்குத்தான் இன்றைக்கு ஆபத்து. வரும் வழியிலேயே சொல்லிவிட்டார். "இன்னிக்கும் தோத்தா நான் வேற ஜோடி பாத்துக்குவேன். நீ ஊட்டுல சீரியல் பாரு." சொல்லிவிட்டு வாசலில் மழைக்கோட்டு மாட்டியிருந்த கோட் ஸ்டாண்டுக்கு வணக்கம் வைத்தார். "சனியன் புடிச்ச மூடுபனி," என்று முணுமுணுத்தார்.

இரண்டாவது ஆட்டத்தில் அவர் ஏஸ் இறக்கியதும் அன்னம் யோசிக்கவே இல்லை. பெருசுதானே வேண்டும்? ஜாக்கியையே எடுத்து வைத்தாள். வண்ணப்படம் போட்ட சீட்டைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. அதே ஜாதியை மறுபடி இறக்கினார், மறுபடியும் இறக்கினார். மூன்றாவது சுற்றை அந்த ஜாக்கி பிடித்திருக்க வேண்டும். அதுதான் முன்பே செத்துப்போயிருந்ததே. சிவகுரு பத்தை வைத்துப் பிடியை அள்ளிக்கொண்டார்.

"ஜாக்கியை யாராச்சும் தூக்கிப் போடுவாங்களா? உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்குதா?"

"பெருசாப் போடச் சொன்னீங்க..."

"என்னோட தப்புன்னு சொல்லு."

"என்னோட தப்புதானுங்க," என்றாள் அன்னம். எல்லோருக்கும் கேட்கும்படி அதைச் சொல்ல அவளுக்கு நன்றாகப் பழகியிருந்தது.

போன மாதம் இன்னொரு வைத்தியமும் பார்த்தார்கள். "நீ எப்படியும் மாத்தித்தான் போடுவே. அதனால மாத்தியே வெச்சுக்கலாம். சிறுசு போட்டா வா," என்றார். ஒரு வாரம் அப்படி ஆடியதில் முன்பு அரைகுறையாகத் தோற்றது போய், முழுசாகத் தோற்றார்கள்.

மூன்றாவது ஆட்டத்தில் அன்னம் கையை நீட்டி, சீட்டை அவர் மூக்குக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள். விரலால் ஒரு தட்டும் தட்டினாள்.

"அன்னக்கா," என்றாள் சிவகுருவின் ஜோடி தெய்வம்மா. "சீட்டு பேசலாம், கை பேசக் கூடாது. இது கள்ளாட்டமுங்க."

பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்த்தன. அபராதமாகப் பிடியையும் பறிகொடுத்து, கள்ளி என்ற பெயரும் வாங்கியாயிற்று. ஸ்வெட்டருக்குள் அவளுக்கு வியர்த்தது. இவருக்கு என் சீட்டு மட்டும் ஏன் புரிவதில்லை? நான் வைப்பதாலேயே அது புரியாத சீட்டாகிவிடுகிறதோ?

கடைசி ஆட்டம். அவர் ஆர்டின் ஏஸை இறக்கினார். அடுத்து ராஜாவும் அவரிடம்தான் இருக்கும். அன்னத்திடம் ராணி இருந்தது, கூடவே ஒன்பதும் இரண்டும். அவர் தொடர்ந்து ஆர்டினே இறக்கினால் மூன்று பிடி, ஆட்டம் இவர்களுடையது. அவள் ஒன்பதை எடுத்து, சட்டப்படி, தன் முன்னால் நேராக வைத்தாள். வாங்க, வாங்க, வாங்க.

அவர் அதை உற்றுப் பார்த்தார். தலையைச் சாய்த்தும் பார்த்தார். பிறகு ஸ்பேடுக்கு மாறினார்.

சிவகுரு மிச்சத்தையெல்லாம் வாரிக்கொண்டார்.

"பாத்தீங்களா?" என்றார் சண்முகசுந்தரம், மேசையைச் சுற்றிப் பார்த்து. "சிறுசைப் போட்டுட்டு முழிக்கிறா. நான் என்ன பண்ணட்டும்? அன்னம், உன்னோட தப்புன்னு நீயே சொல்லு."

அன்னம் வழக்கம்போல வாயைத் திறந்தாள். அதற்குள் தெய்வம்மா, சீட்டுகளை அடுக்கியபடியே, சாவகாசமாகக் கேட்டாள்:

"ஏனுங்க சார், கண்ணைக் காட்டுங்கன்னு சிவகுரு சார் சொன்னதுக்குத்தானே அவரை விட்டுட்டு அக்காவைக் கூட்டியாந்தீங்க? இன்னுமா டாக்டர்கிட்டப் போகலே?"

ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவெல்லாம் பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே அப்படித்தான்.

மேசைக்கடியில் அவர் முழங்கால் அன்னத்தின் முழங்காலை இடித்தது. சொல்லு, சொல்லு.

அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

"நான் ஒம்பதுதானுங்க போட்டேன்," என்றாள்.